பாதிரியும் துரையும் ஒரே கட்சியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் படித்தது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வேதக்காரர்கள், மீதிப் பேர் இல்லை. அதனால் கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் இந்தச் சண்டை எப்படியும் வந்துவிடும். "பாதிரி முன்னால வந்தான், பின்னாலயே பட்டாளம் வந்துச்சு" என்பார் ஒரு மாமா. "துரைமார் வரலேன்னா நீயும் நானும் இன்னும் பனையேறிக்கிட்டுதான் இருப்போம்" என்பார் சித்தப்பா. இரண்டு பேரும் நாலு சங்கதியைப் பிடித்துக்கொண்டு நாற்பதை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் கேட்டதையும், படிக்கப் படிக்க எனக்கே தோன்றியதையும் இங்கே கேள்வி பதிலாகப் போடுகிறேன். தமிழகம், திருவிதாங்கூர், யாழ்ப்பாணம், இவ்வளவுதான் எல்லை.

முதலில் வந்தது யார், பாதிரியா பட்டாளமா?

இடத்துக்கு இடம் மாறும். முத்துக்குளித்துறையில், அதாவது தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில், போர்ச்சுகீசியக் கப்பல்தான் முதலில். 1535 வாக்கில் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துச் சலாபத்தில் போட்டிக்கு நின்றவர்களிடமிருந்து தங்களைக் காக்கக் கடலில் ஒரு பலம் வேண்டியிருந்தது, அதைத் தரக்கூடியவன் போர்ச்சுகீசியன், அவன் கேட்ட விலை மதம். பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தது 1542-ல்தான், அதாவது மக்கள் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிறகு. அவர் ராஜாவுக்கும் சக குருக்களுக்கும் எழுதிய கடிதங்களில் போர்ச்சுகீசிய அதிகாரிகளைப் பற்றிய புகாருக்குக் குறைவே இல்லை, இந்த ஜனங்களைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று. ஆனால் அதே சவேரியார்தான் கோவாவுக்கு மத விசாரணை மன்றம் வேண்டும் என்று 1546-ல் எழுதியவரும். இரண்டும் ஒரே மனுஷன்.

மதுரைக் கதை வேறு. 1606-ல் வந்த ராபர்ட் டி நொபிலி நாயக்கர் ஆட்சியில் குடியிருந்தார், சுற்றுவட்டாரத்தில் ஒரு பறங்கி பீரங்கிகூட இல்லை. அவர் முதலில் செய்த வேலையே "நான் பறங்கி இல்லை" என்று ஊருக்குச் சொன்னதுதான். பறங்கி என்றால் மாட்டுக்கறி, சாராயம், குளிக்காத ஆள் என்று ஜனங்களுக்கு ஓர் எண்ணம். காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, தன்னை ரோமாபுரி ஐயர் என்று சொல்லிக்கொண்டார். கம்பெனியோ கோட்டையோ உதவாத இடத்தில் ஒரு மிஷனரி என்ன செய்வார் என்று பார்க்க விரும்பினால் மதுரையைத்தான் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் கட்டாயப்படுத்தினார்களே?

ஆமாம், அங்கே மழுப்ப ஒன்றுமில்லை. 1619-ல் போர்ச்சுகீசியர் ராஜ்ஜியத்தைப் பிடித்தார்கள், 1621-ல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். 1658-ல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வந்ததும் கத்தோலிக்கர்களையே விரட்டினார்கள், உத்தியோகம் வேண்டுமானால் தங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்று வைத்தார்கள். பிரிட்டிஷ்காரர் வந்து அந்த நிர்ப்பந்தம் போனதும், ஏட்டில் கிறிஸ்தவராக இருந்த பெருங்கூட்டம் சில வருஷத்திலேயே கலைந்துபோனது. வீட்டுக்குள் திருநீறு பூசிக்கொண்டு வாசலில் வேதக்காரராக நின்றவர்கள், பூசிக்கொண்டே வாசலுக்கு வந்தார்கள்.

தரங்கம்பாடிக்கு ஸீகன்பால்க்கை அனுப்பியது டென்மார்க் ராஜாதானே, அப்போது அது அரசாங்க வேலைதானே?

அனுப்பியது ராஜா நான்காம் பிரெடரிக். 1706 ஜூலை 9-ந் தேதி ஸீகன்பால்க்கும் புளூட்சாவும் கரை இறங்கினார்கள், இரண்டு பேருமே ஜெர்மானியர்கள். ஆனால் ஊரை நடத்தியது டேனிஷ் கம்பெனி. வியாபாரம் பண்ண வந்த இடத்தில் மதம் என்று ஆரம்பித்தால் ஊர் கெட்டுவிடும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டே வருஷத்தில் கோட்டைத் தளபதி ஹாசியஸுக்கும் ஸீகன்பால்க்குக்கும் முட்டிக்கொண்டது. 1708 கடைசியில் அவரைப் பிடித்து டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் நாலு மாசம் போல அடைத்துவைத்தார்கள். ராஜா அனுப்பிய ஆளை ராஜாவின் பெயரில் நடக்கும் கம்பெனியே ஜெயிலில் போட்ட கதை இது. மாமாவிடம் இதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

இதில் இன்னொன்று. அவர் தமிழர் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய கையெழுத்துப் பிரதி எழுதி, மிஷனுக்குப் பின்பலமாக இருந்த ஜெர்மன் ஊரான ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர் பிராங்கே, உங்களை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்கிற ரீதியில் பதில் போட்டு மூலையில் வைத்துவிட்டார். அது அச்சேறியது 1867-ல், சென்னையில்.

கிழக்கிந்தியக் கம்பெனியாவது மிஷனரிகளை ஆதரித்ததா?

இதுதான் பலருக்கும் ஆச்சரியம் தரும் பதில். 1813 வரை கம்பெனி மிஷனரிகளைத் தன் நிலத்தில் இறக்கவே விரும்பவில்லை. வில்லியம் கேரி 1793-ல் லைசென்ஸ் இல்லாமல் வங்காளத்தில் வந்து இறங்கி, அவுரித் தொழிற்சாலை மேனேஜராக வேலை பார்த்துக்கொண்டு காலம் தள்ளினார். அப்புறம் 1800-ல் செராம்பூருக்குப் போனார். ஏன் செராம்பூர்? அது டேனிஷ் ஊர், கம்பெனியின் கை அங்கே நீளாது. வேடிக்கை என்னவென்றால், ஒரே வருஷத்தில் அதே கம்பெனி தன் இளம் அதிகாரிகளுக்கு வங்காளி கற்றுக்கொடுக்க கேரியையே கல்கத்தாவில் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. அதாவது மதம் வேண்டாம், மொழி மட்டும் வேண்டும்.

1806 ஜூலை 10 விடிகாலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளம்பினார்கள். காரணம் புதுத் தலைப்பாகை, நெற்றியில் நாமம், விபூதி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி மீசை இப்படித்தான் என்ற உத்தரவு. உத்தரவு போட்டது ராணுவத் தலைமை, பாதிரிகள் அல்ல. ஆனாலும் லண்டனில் ஒரு கூட்டம் பழியைத் தூக்கி மிஷனரிகள் தலையில் வைத்தது, அவர்களை உள்ளே விட்டால் இந்தியாவையே இழப்போம் என்று பிரசுரங்கள் எழுதினார்கள். எதிர்ப்பக்கம் பார்லிமெண்ட் உறுப்பினர் வில்பர்போர்ஸின் கூட்டம் நாடு முழுக்க மனு திரட்டியது. 1813-ல் கம்பெனியின் உரிமைச் சாசனத்தைப் புதுப்பிக்கும்போது பார்லிமெண்ட்தான் கம்பெனியின் கையை முறுக்கிக் கதவைத் திறக்கவைத்தது. அதுவும் லைசென்ஸோடு, 1833-ல்தான் அந்த லைசென்ஸும் போனது.

சாப்ளின் வேறு, மிஷனரி வேறா?

வேறு. சாப்ளின் என்பவர் கம்பெனியின் சம்பளக்காரர், வேலை பட்டாளத்துக்கும் துரைமாருக்கும் ஆராதனை நடத்துவது. பிஷப்புகளின் சம்பளமும் இந்திய வருமானத்திலிருந்துதான் போனது, அதாவது நம் பாட்டன் கட்டிய தீர்வையிலிருந்து. மிஷனரிகளுக்குக் காசு வந்தது லண்டன், லைப்சிக், பாஸ்டன் போன்ற ஊர்களில் சபையார் போட்ட காணிக்கையிலிருந்து. இரண்டு வேலையையும் ஒருவரே பார்த்த சமயங்களும் உண்டு, தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் அப்படித்தான்.

கம்பெனியே இந்துக் கோயில்களை நடத்தியது என்கிறார்களே?

உண்மை. சென்னை மாகாணத்தில் 1817-ம் வருஷ 7-ம் ரெகுலேஷன்படி கோயில், சத்திரச் சொத்துகளின் மேற்பார்வை ரெவின்யூ போர்டுக்குப் போனது. கலெக்டர் தேர்த் திருவிழாவுக்கு ஏற்பாடு செய்வார், தேர் இழுக்க ஆள் பிடிக்கத் தாசில்தார் ஊர் ஊராகச் சேவகர்களை அனுப்புவார், அந்த ஆட்களில் வேதத்தில் சேர்ந்தவனும் இருப்பான். சாமி புறப்பாட்டுக்குப் பீரங்கி மரியாதை வேறு. மிஷனரிகள் கொதித்துப்போனார்கள். 1836-ல் சென்னையிலிருந்து மனு போனது, 1838-ல் சென்னை ராணுவத் தலைமைத் தளபதி பெரிகிரின் மெய்ட்லாண்ட், கிறிஸ்தவச் சிப்பாய்களைக் கோயில் சடங்குகளில் நிறுத்தும் வேலைக்கு நான் ஆளில்லை என்று ராஜினாமா செய்துவிட்டுப் போனார். நெருக்கடி தாங்காமல் 1840-களில் கம்பெனி கையை எடுத்துக்கொண்டது. கோயில் நிர்வாகம் தர்மகர்த்தாக்கள் கைக்குப் போய், அதில் பல இடங்களில் சொத்தே காணாமல் போனது தனிக்கதை. இன்றைக்கு அறநிலையத் துறை பற்றிச் சண்டை போடுகிறவர்கள் இந்த இருபது முப்பது வருஷத்தை ஒரு தடவை புரட்டிப் பார்த்தால் நல்லது.

ஷ்வார்ட்ஸ் ஐயர் கம்பெனியின் ஒற்றர்தானே?

ஒற்றர் இல்லை. ஆனால் கம்பெனிக்குப் பயன்படவில்லை என்றும் சொல்ல முடியாது.

1750-ல் தரங்கம்பாடி வந்தவர். தமிழ், மராத்தி, உருது எல்லாம் பேசுவார். 1779-ல் சென்னை கவர்னர் அவரைக் கூப்பிட்டு, ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதர் அலியின் மனசில் என்ன இருக்கிறது என்று பார்த்து, கம்பெனி சமாதானத்தையே விரும்புகிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள் என்றார். அவரும் போனார். ஹைதர் மரியாதையாக நடத்தினார், வழிச்செலவுக்குக் கொடுத்த பணத்தை ஷ்வார்ட்ஸ் அப்படியே கொண்டுவந்து அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அடுத்த வருஷமே ஹைதர் படையோடு ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கிவிட்டார், கம்பெனிக்காரர்கள் சமாதானம் பேசிய லட்சணம் அவ்வளவுதான். போன மனுஷன் நம்பிப் போனார், அனுப்பியவர்கள் நம்பி அனுப்பவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தச் சண்டைக்கு நடுவிலும் ஷ்வார்ட்ஸ் ஊர் ஊராகப் போய்வர ஹைதர் தடை சொல்லவில்லை.

அந்தப் போர் சமயத்தில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமத்தில் நெல் இருக்கிறது, கொண்டுவந்து தர ஆள் இல்லை. காசு கொடுக்காமல் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மாட்டுக்காரர்களுக்குப் பயம், ராஜா வாக்கும் செல்லவில்லை, கம்பெனி வாக்கும் செல்லவில்லை. ஷ்வார்ட்ஸ் தன் பெயரில் பொறுப்பேற்றுக் கடிதம் எழுதினார், மாடுகள் வந்தன, நெல் வந்தது, காசையும் கொடுத்தார். இது கம்பெனிக்கு உதவியா, பட்டினி கிடந்த தஞ்சாவூர்க்காரனுக்கு உதவியா? கோட்டைக்குள் இரண்டு பேருமே இருந்தார்கள்.

அப்புறம் சரபோஜி விஷயம். தஞ்சாவூர் ராஜா துளஜா சாகும் தறுவாயில் தத்துப் பிள்ளை சரபோஜியை ஷ்வார்ட்ஸ் பொறுப்பில் விட்டார். சித்தப்பா அமர்சிங் கையில் பையன் படாத பாடு பட்டபோது, பாதிரியார்தான் கம்பெனியிடம் பேசி அவரைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். 1798-ல் கம்பெனி சரபோஜியைப் பட்டத்தில் உட்காரவைத்தது, 1799-ல் ஒப்பந்தம் போட்டு ராஜ்ஜியத்தை வாங்கிக்கொண்டு கோட்டையையும் ராஜா பட்டத்தையும் விட்டுவைத்தது. ஷ்வார்ட்ஸ் அதைப் பார்க்க இல்லை, 1798 பிப்ரவரியிலேயே போய்விட்டார். அவர் அன்பாக வளர்த்த பிள்ளை கம்பெனிக்கு வசதியான ராஜாவாக ஆனது தற்செயலா என்று கேட்டால், இல்லை என்பேன். திட்டம் போட்டு வளர்த்தாரா என்று கேட்டால் அதற்கும் இல்லை என்பேன். சரபோஜி கடைசிவரை மதம் மாறவில்லை.

தோள்சீலைப் போராட்டத்தில் வெள்ளைக்காரன் நம் பக்கம் நின்றானா?

தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடும் மேல்சீலை போடக் கூடாது என்பது ராஜ்ஜியத்தின் வழக்கம். 1810-ல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது அரண்மனையில் கம்பெனியின் பிரதிநிதியாக, வந்த கர்னல் மன்றோ கொஞ்ச காலம் திவானாகவும் இருந்தார், பக்தியுள்ள கிறிஸ்தவர், கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் (தைத்த சட்டை) போடலாம் என்று உத்தரவு போட்டார். லண்டன் மிஷன் பாதிரியார் மீட் என்பவரை நாகர்கோவிலில் ஜட்ஜாகவே உட்காரவைத்தார். அதைவிட நெருக்கம் என்ன வேண்டும்! ஆனால் அந்த உத்தரவைக் கவனமாகப் படியுங்கள்: குப்பாயம் போடலாம், நாயர் பெண்கள் போடுகிற மாதிரி மேல்சீலை போடக் கூடாது. பெண்கள் போட்டது மேல்சீலைதான். மிஷனரி வீட்டம்மாக்கள் தைத்துக்கொடுத்த குப்பாயத்துக்கு மேலே ஒரு சீலையையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். அடி விழுந்தது அந்தச் சீலைக்குத்தான்.

1829-ல் அரசு பிரகடனம் மேல்சீலையைத் தடுத்தது. 1858, 59-ல் கலவரம் வெடித்தபோது ரெசிடெண்டாக இருந்த வில்லியம் கல்லன் அரண்மனைப் பக்கம், மிஷனரிகளின் புகாரைச் சீந்தவில்லை. அவர்கள் அவரைத் தாண்டிச் சென்னை கவர்னர் டிரெவெல்யனிடம் போனார்கள், அவர் நெருக்கினார், 1859 ஜூலை 26-ல் பிரகடனம் மாறியது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற கொக்கி இருந்தது. ஆக ஒரு வெள்ளைக்காரன் உதவினான், ஒருத்தன் தடுத்தான், இன்னொருத்தன் அரைகுறையாகத் தீர்த்துவைத்தான். பாதிரிக்கும் ரெசிடெண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் புகுந்து காரியத்தைச் சாதித்தது அந்தப் பெண்கள். இந்த மொத்த விஷயத்திலும் நான் அடித்துச் சொல்வது இது ஒன்றைத்தான்.

மூன்றாவதாக ஒரு குரலும் அதே மண்ணில் எழுந்தது. அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் ராஜாவைக் கலிநீசன் என்றார், வெள்ளைக்காரனை வெண்நீசன் என்றார், தலைப்பாகை கட்டிக்கொண்டு தன் பதிக்கு (வழிபாட்டு இடத்துக்கு) வரச் சொன்னார். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் வைத்தது, லண்டன் மிஷன்காரர்களோ அவர் கூட்டத்தால் தங்கள் வேலை கெடுகிறது என்று எழுதினார்கள்.

சோத்துக்காகத்தானே வேதத்தில் சேர்ந்தார்கள்?

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள், மறுக்க முடியாது. கஞ்சி ஊற்றிய இடத்துக்குப் போனார்கள். கஞ்சி ஊற்றாதவர்களின் பேரப் பிள்ளைகள் இன்றைக்கு அதைக் கிண்டல் பண்ணுவதுதான் எனக்கு விளங்கவில்லை. ஆனால் வெறும் கஞ்சி மட்டும் இல்லை: கிராம முன்சீப் அநியாயமாக வரி போட்டால் கச்சேரிக்கு மனு எழுதித் தர ஆள், கலெக்டரை நேரில் பார்க்கக்கூடிய ஆள், பாதிரியார். அரசாங்கம் மதம் மாற்றியதா என்றால், 1850-ல் மதம் மாறினாலும் சொத்துரிமை போகாது என்று சட்டம் போட்டது, 1858-ல் விக்டோரியா மகாராணி பிரகடனத்தில் யார் மேலும் எங்கள் மதத்தைத் திணிக்க மாட்டோம் என்றது. இத்தனைக்கும் பிறகு, 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம்.

இங்கிலீஷ் படிக்கவைத்துக் குமாஸ்தாக்களைத் தயாரித்தார்களே?

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1816-ல் வந்த மிஷன் அமெரிக்கர்களுடையது, பிரிட்டிஷ்காரர்களுடையதே இல்லை. 1823-ல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி ஆரம்பித்தார்கள், வான சாஸ்திரத்திலிருந்து தமிழ் இலக்கணம் வரை சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள், இங்கிலீஷ் கற்றார்கள், கச்சேரி உத்தியோகத்துக்குப் போனார்கள், போதகராகப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். மிஷனின் பாஸ்டன் தலைமையிலிருந்து வந்து பார்த்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை, 1855-ல் மூடிவிட்டார்கள். இரண்டே வருஷத்தில், 1857-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இரண்டு பேரும் அங்கே படித்தவர்கள். அதில் ஒருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. அவர் சைவத்துக்குத் திரும்பி, தொல்காப்பியமும் கலித்தொகையும் பதிப்பித்தவர்.

ஆறுமுக நாவலர் இன்னும் சுவாரஸ்யம். வெஸ்லியன் மிஷனில் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் உதவினார், அவர்களிடமே பள்ளிக்கூடம் நடத்தும் முறை, அச்சடிக்கும் முறை, மேடைப் பிரசங்கம் எல்லாம் கற்றுக்கொண்டார், 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அரசாங்க உதவிப் பணம் மிஷன் பள்ளிகளுக்கே போவதை எதிர்த்துச் சளைக்காமல் எழுதினார். அந்த இடத்தில் அவர் குற்றச்சாட்டு நியாயமானது. பள்ளிக்கூட விஷயத்தில் சர்க்காரும் மிஷனும் ஒரே கல்லாவில்தான் கைவைத்திருந்தன.

கால்டுவெல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

1856-ல் வந்த ஒப்பிலக்கணம் எல்லாருக்கும் தெரியும். 1849-ல் திருநெல்வேலிச் சாணார்கள் (நாடார்களை அன்று அழைத்த பெயர்) என்று ஒரு பிரசுரம் போட்டார், தான் ஊழியம் செய்த அதே ஜனங்களை மட்டமாக எழுதினார். இங்கிலாந்தில் காணிக்கை கேட்பதற்காக எழுதியது, ஆனால் படித்துப் பட்டம் வாங்கிய அடுத்த தலைமுறை நாடார்கள் கையில் அது சிக்கியது. விடவில்லை, மனுவுக்கு மேல் மனு.

அரசாங்கத்தோடு கைகோத்து நடத்திய வேலை என்று ஒன்றைக் காட்ட முடியுமா?

முடியும், அது நல்ல கதை இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்ட பிறகு, அந்த முத்திரை குத்தப்பட்ட மக்களைக் குடியேற்றங்களில் அடைத்து வேலை வாங்கும் பொறுப்பை அரசாங்கம் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பிடம் கொடுத்தது. குண்டூர் பக்கம் ஸ்டூவர்ட்புரம் அப்படி உருவானதுதான், ஊர்ப் பெயரே ஓர் அதிகாரியின் பெயர். வருகைப் பதிவு, வெளியே போக அனுமதிச் சீட்டு, கூடவே ஜெபம்.

இதற்கு நேரெதிராகவும் ஒன்று சொல்கிறேன். செங்கல்பட்டில் பறையர் குடிகளுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்று மிஷனரிகள் வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். மிராசுதார் கோபித்துக்கொண்டால் தீர்வை வசூல் என்னாவது என்று ரெவின்யூ போர்டுக்குக் கவலை. கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் அறிக்கை எழுதினார், 1892-ல் அரசாணை வந்தது, பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அங்கிருந்து கிளைத்ததுதான். அந்த நிலம் இன்றைக்கு யார் கையில் இருக்கிறது என்பது வேறு.

ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த மிஷனரி யாராவது உண்டா?

அதிகம் இல்லை. இருந்தவர்கள் பட்டார்கள். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த கெய்தான், காந்தியின் ஆங்கிலேய நண்பர் ஒருவரை வீட்டில் தங்கவைத்ததற்காக 1930-ல் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்து ஃபாரெஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர், டாக்டர், கதர் கட்டுவார். 1932-ல் சென்னையில் மறியல் நடந்த இடத்தில் நின்றவரைப் போலீஸ் தடியால் அடித்துச் சாயத் தண்ணீரைப் பீய்ச்சியது. வெள்ளைத் தோல் என்றுகூடப் பார்க்கவில்லை, அல்லது கதரில் நிற்கும் வெள்ளைத் தோல் என்பதால்தான் அடித்தார்களோ என்னவோ.

முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் மிஷனரிகளைப் பிடித்து முகாமில் அடைத்து ஊருக்கு அனுப்பினார்கள். லைப்சிக் மிஷனின் சபைகளை ஸ்வீடன்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். பைபிள் ஒன்றாக இருந்தும் பாஸ்போர்ட் வேறாக இருந்தது.

இதையெல்லாம் நேரில் பார்க்க எங்கே போகலாம்?

தரங்கம்பாடியில் கோட்டைக்கும் 1718-ல் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்கும் நடுவே நடந்துபோகும் தூரம்தான். அடைத்தவர்களும் அடைபட்டவரும் அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறார்கள்.

தஞ்சாவூரில் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே சிவகங்கைக் குளத்துப் பக்கம் ஷ்வார்ட்ஸ் சர்ச்சுக்குப் போங்கள். நான் போனபோது பூட்டியிருந்தது, காவலாளி அண்ணனைத் தேடிப் பிடித்துத் திறக்கச் சொன்னேன். உள்ளே ஆங்கிலேயச் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல். பாதிரியார் கட்டிலில் படுத்திருக்கிறார், தலைப்பாகையோடு சரபோஜி குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். செய்யச் சொல்லிக் காசு கொடுத்தது ராஜ்ஜியம் பறிபோன அந்த ராஜாதான். இதே மனுஷனுக்குச் சென்னைக் கோட்டைக்குள் செயிண்ட் மேரீஸ் சர்ச்சில் இன்னொரு சலவைக்கல் இருக்கிறது. அதை வைத்தது கம்பெனி.